வீடு விற்கும் காணொளிக்கு எந்தக் கருவியை முதலில் வாங்குவது?

கேள்வி: கோயம்புத்தூரில் வீடு, மனை விற்றுக் கொடுக்கும் தொழில் செய்துவருகிறேன். சரவணம்பட்டி, காளப்பட்டி, வடவள்ளி பகுதிகளில் தனி வீடுகளும் ஃபிளாட்டுகளும், அன்னூர் பக்கம் மனைகளும் என்னிடம் விற்பனைக்கு வருகின்றன. இதுவரை என் ஐபோனிலேயே படம் எடுத்து யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டுவந்தேன். அறைகள் சிறியனவாகத் தெரிகின்றன, ஜன்னல் வெள்ளையாக வெளுத்துவிடுகிறது, நடந்துகொண்டே எடுத்தால் படம் ஆடுகிறது, பேசுவது எதிரொலிக்கிறது. நல்ல கருவிகளுக்காக இரண்டு லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கடையில் ஃபுல் ஃபிரேம் கேமராவும் 24–70 லென்ஸும் வாங்கச் சொல்கிறார்கள். 250 கிராமுக்குக் குறைவான வெளிநாட்டு ட்ரோன் ஒன்றும் கிடைக்கும் என்கிறார்கள். எடிட்டிங்கை அக்கா மகன் பார்த்துக்கொள்வான். நான் எதை வாங்க வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் நான்கு குறைகளைத் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குப் பெரிய உதவி, ஏனென்றால் அந்த நான்குக்கும் காரணம் வேறு வேறு. அறை சிறிதாகத் தெரிவதற்குக் காரணம் லென்ஸின் கோணம். ஜன்னல் வெளுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நீங்கள் படம் எடுக்கும் நேரம். ஆட்டத்துக்குக் காரணம் கையும் நடையும். எதிரொலிக்குக் காரணம் காலி வீடும், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரமும். கடைக்காரர் சொல்லும் ஃபுல் ஃபிரேம் கேமரா, அதாவது ஒளியைப் பிடிக்கும் சென்ஸார் பெரிதாக உள்ள கேமரா, இவற்றில் இரண்டாவதை மட்டும் ஓரளவு குறைக்கும். மற்ற மூன்றும் அப்படியே இருக்க, கைப்பணம் முழுவதும் அதிலேயே முடிந்துவிடும். ஆகவே முதலில் லென்ஸ், அடுத்து ஆட்டமில்லாத பிடிமானம், பிறகு மைக், அதன் பிறகு விளக்கு என்ற வரிசையில் பணத்தைப் பிரித்து, மிச்சத்துக்கு எந்தக் கேமரா கிடைக்கிறதோ அதை வாங்குங்கள் என்பதே என் ஆலோசனை.

லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லென்ஸின் மில்லிமீட்டர் எண் குறையக் குறைய அது பார்க்கும் கோணம் அகலும். பத்து அடி அகலமுள்ள ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். வாசற்படி ஓரமாக, எதிர்ச் சுவரிலிருந்து ஒன்பது அடி தள்ளி, அறையின் நடுக்கோட்டில் கேமராவை நேராக வைக்கிறீர்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் எதிர்ச் சுவர் முழுவதும் தெரியும். ஆனால் இரண்டு பக்கச் சுவர்களிலும் கடைசி இரண்டேகால் அடிதான் படத்துக்குள் வரும். அலமாரி எங்கே இருக்கிறது, குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்ப்பவருக்குப் புரியாது. அதே இடத்தில் 16 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் பக்கச் சுவர்களில் நாலரை அடிக்கு மேல் தெரிந்து, அறையின் அமைப்பு ஒரே பார்வையில் விளங்கிவிடும். உங்கள் ஐபோனின் முதன்மை லென்ஸ் ஏறத்தாழ 24 முதல் 26 மில்லிமீட்டருக்குச் சமமானது. ஆகவே 24–70 லென்ஸ் வாங்கினால், எந்தக் குறையைச் சொல்லி நீங்கள் கடைக்குப் போனீர்களோ அதே குறையைப் பெரும் விலை கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள். அந்த லென்ஸ் கல்யாண வேலைக்கு மிக நல்லது. வீட்டு வேலைக்குப் பொருந்தாது.

இன்னும் அகலமாகப் போனால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் நான் உங்களை நிறுத்த விரும்புகிறேன். 16-க்குக் கீழே 14, 13, 12 என்று இறங்க இறங்க, படத்தின் ஓரத்திலுள்ள கட்டிலும் சோபாவும் இழுத்துக் கட்டியதுபோல நீளும். எதிர்ச் சுவர் வெகுதூரத்தில் நிற்பதுபோலத் தோன்றும். பத்துக்குப் பதினொன்று அறை பதினைந்து அடி ஹாலாகத் தெரியும். காணொளியைப் பார்த்துவிட்டுத் திருப்பூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ குடும்பத்தோடு வீடு பார்க்க வருபவர், படியேறி அறைக்குள் நுழைந்ததும் முகம் மாறிவிடுவார். அதற்குப் பிறகு விலையை எவ்வளவு குறைத்தாலும் அவருடைய நம்பிக்கை திரும்பாது. காணொளியின் வேலை, வரத் தேவையில்லாதவரை வராமல் இருக்கச் செய்வதும், வருபவரைப் பாதி முடிவோடு வரச் செய்வதும்தான். அதனால் 16 மில்லிமீட்டருக்குச் சமமான கோணத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். குளியலறை போன்ற மிகச் சிறிய இடங்களில் மட்டும் அதைச் சற்றுத் தாண்டலாம்.

இந்தக் கோணத்துக்கு ஃபுல் ஃபிரேம் கட்டாயமில்லை. ஏபிஎஸ்-சி எனப்படும், அதைவிடச் சிறிய சென்ஸாருள்ள கேமராக்களில் லென்ஸின் எண்ணைச் சோனி என்றால் ஒன்றரையாலும், கேனான் என்றால் 1.6-ஆலும் பெருக்கி, ஃபுல் ஃபிரேம் கணக்கில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சோனி இசட்வி-இ10 கேமராவோடு 10–20 எஃப்4 லென்ஸைச் சேர்த்தால் 15 முதல் 30 மில்லிமீட்டர் வரை கிடைக்கும். கேனான் ஆர்50 கேமராவோடு 10–18 லென்ஸைச் சேர்த்தால் 16-லிருந்து தொடங்கும். இரண்டில் எதுவானாலும் உங்கள் தேவைக்குப் போதும். கேனானின் அந்த லென்ஸ் சிறியது, விலையும் குறைவு. ஆனால் அதில் ஒளி நுழையும் துளை எஃப்4.5-இல் தொடங்குவதால் (எண் கூடினால் துளை சிறியது) மங்கலான அறையில் சோனி லென்ஸைவிடச் சற்றுப் பின்தங்கும். கேமராவோடு பெட்டியில் வரும் 16–50 அல்லது 18–45 லென்ஸை மட்டும் நம்பி எதையும் வாங்காதீர்கள். அவை தொடங்குவதே ஏறத்தாழ 24, 29 என்ற இடத்தில்தான். சோனி இசட்வி-இ10 எடுத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 4கே எனும் உயர் தெளிவில் விநாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படங்கள், வைத்தால் அந்தக் கேமரா படத்தின் ஓரங்களை வெட்டிவிடும்; 10 மில்லிமீட்டர் ஏறத்தாழ 18-க்குச் சமமாகச் சுருங்கிவிடும். 25 ஃபிரேம் வைத்தால் அந்த வெட்டு இல்லை.

நம் ஊருக்கு 25 ஃபிரேம்தான் வேறொரு காரணத்தாலும் சரியானது. இங்கே மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சியில் வருவதால் விளக்குகளின் ஒளி விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. அமெரிக்காவில் அது 60 சுழற்சி. அங்கிருந்து வரும் பயிற்சிக் காணொளிகளைப் பார்த்து 30 ஃபிரேமும் 1/60 விநாடி ஷட்டர் வேகமும் (ஒவ்வொரு படமும் ஒளியை ஏற்கும் நேரம்) வைப்பவர்களுக்கு, டியூப்லைட் எரியும் சமையலறையில் கறுப்புப் பட்டைகள் படத்தின் மீது மெதுவாக ஏறி இறங்கும். 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று பூட்டிவிடுங்கள், தேவைப்பட்டால் 1/100. ஐபோனிலும் கேமரா அமைப்புகளுக்குள் பிஏஎல் வடிவங்களைக் காட்டும் தெரிவை இயக்கினால் 25 ஃபிரேம் கிடைக்கும். எடிட்டிங்கில் இந்தப் பட்டையை நீக்குவது உங்கள் அக்கா மகனுக்குப் பெரும்பாடாகிவிடும். எடுக்கும்போதே தவிர்ப்பதுதான் வழி.

ஜன்னல் வெளுப்பதைப் பற்றி: நண்பகல் வெயிலுக்கும் அறைக்குள் இருக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள இடைவெளியை எந்தக் கேமராவும் முழுதாக ஏற்றுக்கொள்வதில்லை. அதனால் வீட்டின் திசையைப் பார்த்து நேரத்தைக் குறியுங்கள். கிழக்குப் பார்த்த வீடென்றால் முகப்பைக் காலை வெயிலில் எடுங்கள், மேற்கே ஜன்னல் உள்ள பின்பக்க அறைகளையும் அப்போதே எடுத்துவிடுங்கள். முன்பக்க அறைகளைப் பிற்பகலுக்கு ஒதுக்குங்கள். ஜன்னல் நிழல் பக்கமாக இருக்கும் நேரத்தில் வெளியே தெரியும் தென்னை மரமும் உள்ளே இருக்கும் சுவரும் ஒரே படத்தில் நிற்கும். சூரியன் மறைவதற்கு முந்திய அரைமணி நேரம் ஹாலுக்கும் சிட் அவுட்டுக்கும் மிக ஏற்றது. கேமராவைத் தானியங்கியாக விடாமல், ஜன்னலின் வெளிச்சம் எல்லை மீறாத அளவுக்கு எக்ஸ்போஷரை, அதாவது கேமரா ஏற்கும் ஒளியின் அளவை, பூட்டிக்கொண்டு, உள்ளே குறையும் வெளிச்சத்தை விளக்கால் ஈடுகட்டுங்கள்.

விளக்கு என்றதும் பெரிய எல்இடி பேனல்களை நினைக்க வேண்டாம். வீட்டுக்குள் ஸ்டாண்டு போட்டு விளக்கு வைத்தால், நடந்து எடுக்கும் காட்சியில் அது எங்காவது கண்ணாடியிலோ கிரானைட் மேடையிலோ தெரிந்துவிடும். என் பையில் எப்போதும் இருப்பது 4000 கெல்வின் நிறமுள்ள ஒன்பது வாட் எல்இடி பல்புகள் பத்து. நம் வீடுகளில் ஹாலில் 6500 கெல்வின் கூல் டேலைட் டியூப், ஃபால்ஸ் சீலிங்கில் மஞ்சள் வார்ம் ஒயிட், பூஜை அறையில் சிவப்பு பல்பு என்று ஒரே பார்வைக்குள் மூன்று நிறங்கள் இருக்கும். கண் அதைப் பொருட்படுத்தாது, கேமரா பொருட்படுத்தும். ஒரு சுவர் நீலமாகவும் அடுத்த சுவர் மஞ்சளாகவும் விழும். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, எடுக்கும் அறைகளில் பல்புகளை மாற்றிப் போட்டு, மாற்ற முடியாத டியூப்களை அணைத்துவிட்டு, கேமராவில் நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை ஒரே எண்ணில் பூட்டிவிட்டால், சுண்ணாம்பு வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே வரும். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும் இந்த ஏற்பாடு தரும் பலனை விலை கூடிய கேமரா தராது.

ஆட்டத்துக்குக் கிம்பல், அதாவது கேமராவை ஆடாமல் தாங்கும் மோட்டார் கைப்பிடி, வேண்டும். டிஜேஐ ஆர்எஸ்3 மினி போன்ற சிறிய வகையே மேற்சொன்ன கேமராக்களுக்குப் போதும். அது இரண்டு கிலோ வரை தாங்கும். ஆனால் கிம்பல் இருக்கிறது என்பதற்காக வீடு முழுவதையும் நடந்தே எடுக்காதீர்கள். கிம்பல் பக்கவாட்டு ஆட்டத்தையும் சாய்வையும் நீக்கும்; காலடி வைக்கும்போது உடல் மேலும் கீழும் போவதை முழுதாக நீக்காது. வாசலிலிருந்து ஹாலுக்கும், ஹாலிலிருந்து சமையலறைக்கும் செல்லும் வழியைக் காட்ட மட்டும் முழங்காலைச் சற்று மடக்கி மெதுவாக நடங்கள். அறைக்குள் போனதும் டிரைபாடில் வைத்து, பத்து விநாடி அசையாமல் ஒரு காட்சி எடுங்கள். வாங்குபவர் அந்தப் பத்து விநாடியில்தான் தன் கட்டிலையும் பீரோவையும் மனத்தில் போட்டுப் பார்க்கிறார். கேமராவின் உயரம் நான்கிலிருந்து நாலரை அடிக்குள் இருக்கட்டும். சமையலறையில் மட்டும் மேடையின் மேற்பரப்பு தெரியும் அளவுக்குச் சற்று உயர்த்துங்கள். லென்ஸ் மேலோ கீழோ சாய்ந்தால் சுவர்களின் செங்குத்துக் கோடுகள் சரிந்து, புது வீடே சாய்ந்து நிற்பதுபோலத் தோன்றும். ஆகவே கேமரா திரையிலுள்ள மட்டக் கோட்டை எப்போதும் இயக்கி வையுங்கள்.

கிம்பலோடு சேர்ந்தே வரும் டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஒரு அங்குல சென்ஸாரும் மூன்று அச்சுக் கிம்பலும் கைக்குள் அடங்கும் அருமையான கருவி அது. அதன் லென்ஸ் 20 மில்லிமீட்டருக்குச் சமமானது என்பதால் பெரிய தனி வீடுகளுக்குத் தாராளமாகப் போதும், சரவணம்பட்டியில் ஐ.டி. ஊழியர்களுக்காகக் கட்டப்படும் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுகளில் கொஞ்சம் திணறும். நீங்கள் தனி ஆளாகவே போய் எடுக்கப்போகிறீர்கள், கருவிகளைக் கோத்து அமைக்க நேரமில்லை என்றால் மட்டும் அதைப் பரிசீலியுங்கள்.

எதிரொலிக்கு வருவோம். சாமான் இல்லாத புது வீட்டில் விட்ரிஃபைட் தரையும் வெறும் சுவரும் ஒலியை மாறி மாறித் திருப்பி அனுப்பும். கேமராவின் மேலே பொருத்தும் மைக் ஏழெட்டு அடி தள்ளி இருப்பதால் உங்கள் குரலைவிட அந்த எதிரொலியைத்தான் அதிகமாகப் பிடிக்கும். சட்டையில் குத்தும் வயர்லெஸ் மைக் ஒரு செட் வாங்குங்கள். ஹாலிலேண்ட், ரோட், டிஜேஐ மூன்றிலும் நல்லவை உள்ளன. வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் அது இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். மீதிப் பாதிக்கு என் வழக்கம் இதுதான்: முகத்தைக் காட்டிப் பேசும் அறிமுகத்தை மட்டும் அந்த வீட்டின் வாசலில் நின்று பேசிவிட்டு, அறைகளின் விளக்கத்தைப் பிறகு உங்கள் வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து பதிவு செய்யுங்கள். மெத்தை, திரைச்சீலை, துணி நிறைந்த பீரோவின் திறந்த கதவு இவற்றுக்கு நடுவே எடுத்த குரல் ஸ்டுடியோவில் எடுத்ததற்குப் பக்கத்தில் வந்துவிடும். மின்விசிறியை நிறுத்த மறக்க வேண்டாம்.

ட்ரோன் விஷயத்தில் என் பதில் திட்டவட்டமானது: வாங்காதீர்கள். வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியை மத்திய அரசு 2022 பிப்ரவரியில் தடை செய்துவிட்டது; ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டுமே விலக்கு. ஆகவே கடையில் காட்டும் ட்ரோன் எப்போது, எந்த வழியில் நாட்டுக்குள் வந்தது என்பதே முதல் கேள்வி. பழுதானால் வாரண்டியும் இராது. 250 கிராம் வரையுள்ள நானோ வகைக்கு, 2021 ட்ரோன் விதிகளின்படி, ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்ற வான்வெளிக் கட்டுப்பாடு எடை பார்ப்பதில்லை. உங்கள் காளப்பட்டி, கோவை விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களைப் பார்க்காமல் இந்தப் பகுதியில் எதையும் மேலே அனுப்பக் கூடாது. மேலிருந்து ஒரு காட்சி அவசியம் வேண்டுமென்றால், பதிவு எண்ணுள்ள ட்ரோனும் பைலட் சான்றிதழும் வைத்திருப்பவரை ஒரு நாள் வேலைக்கு அமர்த்துங்கள். இரண்டின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு மனைகளை ஒரே நாளில் முடித்தால் செலவு தாங்கும்.

மனைக்கு ட்ரோனைவிட அதிகம் உதவுவது ஒரு நீள டேப். வானத்திலிருந்து பார்த்தால் எல்லா மனையும் ஒரே பச்சைத் திட்டுதான். வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது தார்ச்சாலையிலிருந்து மனைக்கு வரும் வழி, பாதையின் அகலம், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், மின்கம்பம் எங்கே நிற்கிறது, எல்லைக்கல் நான்கும் இருக்கின்றனவா என்பவைதான். பாதையின் குறுக்கே டேப்பை விரித்து 23 அடியா 30 அடியா என்ற எண்ணை நெருக்கமாக எடுங்கள். ஒவ்வொரு எல்லைக்கல்லையும் காட்டி, அங்கிருந்து அடுத்த கல் வரை கேமராவை மெதுவாகத் திருப்புங்கள். புலப்படத்தை (நிலத்தின் அளவை வரைபடத்தை) காணொளியின் ஓரத்தில் வைத்து, இப்போது நிற்கும் மூலை எது என்று அம்புக்குறி போட உங்கள் அக்கா மகனிடம் சொல்லுங்கள். இதற்கு ஃபோன் கேமராவே போதும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலாகவோ அமையும் புதிய திட்டங்களை, 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவே கூடாது. உங்கள் காணொளியும் விளம்பரம்தான். பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் விளம்பரத்தில் இடம்பெற வேண்டும். அத்தகைய திட்டங்களை விற்றுக்கொடுக்கும் முகவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். விளம்பரத்திலுள்ள தவறான தகவலை நம்பிப் பணம் கொடுத்தவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு. முகவர் பொய்யான சித்திரிப்பில் ஈடுபடக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. எடிட்டிங்கில் மின்கம்பத்தை அழிப்பது, பக்கத்துக் காலி மனையில் பூங்கா வரைவது, அறையை இழுத்து அகலமாக்குவது ஆகியவற்றை மென்பொருள் இன்று ஒரு நொடியில் செய்து தரும். அக்கா மகன் ஆர்வத்தில் செய்யக்கூடும். வேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

ரீல்ஸுக்குத் தனிக் கேமரா தேவையில்லை. 4கே-யில் கிடைமட்டமாக எடுத்த படத்திலிருந்து நெடுக்குவாக்கில் வெட்டினால் 1215 பிக்சல் அகலம் கிடைக்கும்; ரீல்ஸுக்கு வேண்டியது 1080-தான். ஆனால் அப்படி வெட்டும்போது அறையின் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும் என்பதால், முக்கியமான மூன்று, நான்கு இடங்களை ஃபோனின் அகல லென்ஸில் நெடுக்காகத் தனியே எடுத்துவிடுவது நல்லது. மெமரி கார்டு வி30 எனும் வேக வகையில் 128 ஜிபி இரண்டு வாங்குங்கள்; விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 45 ஜிபி பிடிக்கும். இசட்வி-இ10 கேமராவின் பேட்டரி சிறியது. கூடுதலாக இரண்டு இருக்க வேண்டும்.

இரண்டு லட்சத்தை நான் பிரிப்பதாக இருந்தால் கேமராவும் லென்ஸும் சேர்ந்து ஒன்று முப்பத்தைந்துக்குள், கிம்பல் முப்பதாயிரத்துக்குள், மைக் பன்னிரண்டாயிரத்துக்குள், டிரைபாட், பல்பு, கார்டு, பேட்டரி எல்லாம் பதினைந்தாயிரத்துக்குள் என்று வைப்பேன். மீதி சில ஆயிரங்களை ட்ரோன்காரருக்காகக் கையில் வைத்திருங்கள். இவ்வளவையும் ஒரே நாளில் வாங்கவும் வேண்டாம். கோவையில் கேமரா வாடகைக்குக் கிடைக்கும். வார இறுதியில் ஒரு நாளைக்கு அதே கேமராவையும் 10–20 லென்ஸையும் வாடகைக்கு எடுத்து, நீங்கள் ஏற்கெனவே ஃபோனில் எடுத்து விற்காமல் நிற்கும் ஒரு வீட்டை மறுபடி எடுங்கள். இரண்டையும் அந்த வீட்டைப் பார்த்திராத ஒருவரிடம் காட்டி, ஹாலிலிருந்து சமையலறைக்கு எப்படிப் போவது, இரண்டாவது படுக்கையறையில் கட்டில் எங்கே போடுவது என்று கேளுங்கள். புதுப் படத்தைப் பார்த்து அவர் தடுமாறாமல் சொல்லிவிட்டால் கடைக்குப் போங்கள். ஜிஎஸ்டி எண்ணோடு பில்லும், இந்தியாவில் செல்லும் வாரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் பத்தாயிரம் குறைத்துத் தருகிறேன் என்று சொல்லும் இடத்தில் எதையும் வாங்காதீர்கள்.